'சொகமில்லை' என்று எழுதிய தம்பிக்கு

கேள்வி அனுப்பியவர் களியக்காவிளைக்குப் பக்கத்து ஊர்க்காரர், வயது 37. வளைகுடாவில் 13 வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம் ஒரேயடியாகத் திரும்பி வந்தவர். இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மாடிவீடு முடிந்துவிட்டது. கடன் இல்லை. இப்போது வாப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஐந்து வேளைத் தொழுகையோடு தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகையும் தொழுகிறார், திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறார். ஆனாலும் தூக்கம் வருவதில்லை, நெஞ்சில் கல் வைத்தது போல் இருக்கிறது என்கிறார். சொந்தக்காரர் ஒருவர், "அல்லாஹ்வை நெனச்சா மனசு அமைதியாவும்னு குர்ஆன்லயே இருக்கு. ஒனக்கு அமைதி இல்லன்னா ஈமான்லதான் (இறைநம்பிக்கையிலதான்) கோளாறு" என்று சொல்லிவிட்டாராம். "உஸ்தாத், இந்த உலகத்துச் சந்தோஷத்துக்கு இஸ்லாத்தில் இடம் உண்டா, இல்லை எல்லாமே மறுமைக்குத்தானா? எனக்குச் சொகமில்லை" என்று முடித்திருந்தார்.

தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடைசிச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நமக்கு அந்த ஒரு சொல்தான். காய்ச்சல் அடித்தாலும் சொகமில்லை, மனசு சரியில்லாவிட்டாலும் சொகமில்லை. வழியில் பார்க்கிறவர் கேட்பதும் "சொகந்தானா?" என்றுதான். "சந்தோஷமா?" என்று யாரும் யாரையும் நிறுத்திக் கேட்பதில்லை. இத்தனை வருஷம் அரபி ஓதிக்கொடுத்ததில் எனக்குத் தோன்றுவது, ஹதீஸ்களில் (நபிமொழிகளில்) வரும் 'ஆஃபியத்' என்ற சொல்லுக்கு நம்முடைய 'சொகம்' அளவுக்கு நெருங்கி வரும் சொல் வேறு இல்லை. உடம்பில் நோயில்லாமல், நெஞ்சில் பயமில்லாமல், கடன்காரன் வாசலில் நிற்காமல், வீட்டுக்குள் கலக்கமில்லாமல், தீனில் (மார்க்கத்தில்) குழப்பமில்லாமல் இருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் ஆஃபியத்.

ரசூலுல்லாஹ்வின் (நபியவர்களின்) சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) ஒருமுறை வந்து, "அல்லாஹ்விடம் நான் கேட்க ஒன்றைக் கற்றுத்தாருங்கள்" என்று கேட்டார்கள். "ஆஃபியத்தைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. சில நாள் கழித்துத் திரும்ப வந்து அதையே கேட்டார்கள். இன்னும் பெரிதாக ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம். மறுபடியும் அதே பதில்: "இம்மையிலும் மறுமையிலும் ஆஃபியத்தைக் கேளுங்கள்." திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது இது. காலையிலும் மாலையிலும் நபியவர்கள் விடாமல் கேட்டுவந்த துஆவில் (பிரார்த்தனையில்), "என் தீனில், என் துன்யாவில் (உலக வாழ்வில்), என் குடும்பத்தில், என் பொருளில்" ஆஃபியத் வேண்டும் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கேட்கிறார்கள். நாம் தொழுது முடித்துக் கையேந்தும்போது ஓதும் 'ரப்பனா ஆதினா' துஆவிலும் (குர்ஆன் 2:201) துன்யாவின் நன்மைதான் முதலில் வருகிறது. இந்த உலகத்துச் சொகத்துக்கு இடமில்லை என்றால், அதைக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. 'சஆதத்' என்ற பெரும்பேற்றைக் குறிக்கும் வேர்ச்சொல் குர்ஆன் முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இரண்டும் ஹூது சூராவில், 105-ஆம் வசனத்திலும் 108-ஆம் வசனத்திலும். இரண்டுமே மறுமை நாளைப் பற்றியவை. குறையே இல்லாத இன்பத்துக்கான பெயரை அல்லாஹ் அங்கே வைத்திருக்கிறான். இங்கே நமக்குச் சொல்லப்பட்டது நல்ல வாழ்வு (16:97), மன அமைதி, ஆஃபியத். மனிதனைக் கஷ்டத்தில்தான் படைத்தோம் என்றும் ஒரு வசனம் இருக்கிறது (90:4). ஆகவே காலையில் எழுந்ததும் நெஞ்சு பஞ்சு போல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னிடம் ஏதோ தப்பு என்று உங்களை நீங்களே விசாரணைக்கு நிறுத்தாதீர்கள்.

இனி உங்கள் சொந்தக்காரர் சொன்னது. அவர் சொன்ன வசனம் உள்ளதுதான்: "அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன" (13:28). அதில் 'அமைதி'க்கு வரும் சொல் இத்மினான். அதே சொல் இப்ராஹீம் நபியின் வாயிலிருந்தும் வருகிறது. "என் ரப்பே (இறைவனே), இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு" என்று கேட்கிறார்கள். "நீர் நம்பவில்லையா?" என்று அல்லாஹ் கேட்கிறான். "நம்பிக்கை உண்டு. ஆனாலும் என் உள்ளம் அமைதி பெறுவதற்காகக் கேட்கிறேன்" என்பது பதில் (2:260). நிதானமாகப் படியுங்கள், தம்பி. ஈமான் இருக்கிறது, இத்மினான் இன்னும் வரவேண்டியிருக்கிறது. அல்லாஹ்வின் தோழர் என்று பெயர் பெற்றவரே இரண்டையும் வேறு வேறாகச் சொல்கிறார்கள். அல்லாஹ்வும் அதற்காகக் கோபிக்கவில்லை. நான்கு பறவைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கேட்டதைக் கண்ணால் காணச் செய்தான். உள்ளம் அமைதியில்லாமல் தவிப்பதை ஈமான் இல்லாததற்குச் சாட்சியாக எடுத்தால் இந்த வசனத்தை என்ன செய்வது?

"என் நினைவைப் புறக்கணித்தவனுக்கு நெருக்கடியான வாழ்வு" (20:124) என்ற வசனத்தையும் இப்படி மனசு நொந்தவர்கள் மேல் எறிவார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவனைப் பற்றியது. அந்த நெருக்கடியைக் கப்ரின் (மண்ணறையின்) வேதனை என்று விளக்கிய முன்னோரும் உண்டு. ராத்திரி எழுந்து அழுது தொழுகிறவனைப் பார்த்து அதை ஓதுவது பெரிய அநியாயம்.

யஃகூப் நபி அழுது அழுது கண் வெளுத்துப்போனதாகக் குர்ஆன் சொல்கிறது (12:84). வீட்டார் குறை சொன்னபோது, "என் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம்தானே முறையிடுகிறேன்" என்றார்கள். மதீனாவில் நபியவர்களின் சிறு பிள்ளை இப்ராஹீம் உயிர் பிரியும் நேரத்தில், அவர்கள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கத்தில் இருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), "தாங்களுமா, யா ரசூலல்லாஹ்?" என்று கேட்டார்கள். "இது இரக்கம்" என்றார்கள் நபியவர்கள். பிறகு, "கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, நம் ரப்புக்குப் பிடித்ததைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டோம்" என்றார்கள்.

இந்த ஹதீஸை நான் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கு இறங்கியது என் மனைவி மவுத்தான பிறகுதான். மூன்றாம் நாள் ஒருவர் வந்து, "ஊருக்கெல்லாம் சபுர் (பொறுமை) சொல்லிக் கொடுத்த உஸ்தாது இப்படி அழலாமா?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை, அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று பொழுதடையும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா, அவர்கள் முஸ்லிம் இல்லை, ஒரு தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியும் சிறுபயறுத் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் குடித்து முடிக்கும் வரை போகவில்லை. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் ஒரு மவுத் நடந்தால், கூடிய பெண்கள் கலைந்துபோன பிறகு வீட்டாருக்காக 'தல்பீனா' காய்ச்சச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவில் பால் போல வெள்ளையாகக் காய்ச்சும் கஞ்சி அது. "நோயாளியின் நெஞ்சுக்கு அது இதம், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்று ரசூலுல்லாஹ் சொல்லக் கேட்டிருக்கிறேன்" என்பார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. 'துக்கத்தில் கொஞ்சம்' என்ற அந்த அளவைப் பாருங்கள். கஞ்சி துக்கத்தை முழுக்கத் தீர்க்கும் என்று சொல்லவில்லை.

பணத்தைப் பற்றி நீங்கள் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். அதை இறக்கி வையுங்கள். தங்கைகளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வெயிலில் நின்று சம்பாதித்தது ஸதக்கா (தர்மம்). குடும்பத்துக்குச் செலவு செய்வதை நபியவர்கள் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். கடன் சுமையிலிருந்து பாதுகாவல் தேடச் சொல்லிக் கொடுத்த துஆவில் கவலையும் துக்கமும் கடனும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதிலிருந்து அல்லாஹ் உங்களை வெளியேற்றியிருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாடிவீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் இரண்டு மாடி எழுப்பியதால் நானும் எழுப்பினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மேல்மாடிக்காக மூன்று வருஷம் கூடுதலாக அங்கே இருந்தீர்கள். "நான் முந்தி நீ முந்தி என்ற பெருக்கல் ஆசை உங்களைப் பராக்காக்கிவிட்டது, கப்ருகளைச் சந்திக்கும் வரை" என்று தொடங்கும் தகாஸுர் சூராவை நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். நம் ஊர்களில் பாதி வீடுகளின் மேல்மாடியில் நெல்லும் தேங்காயும் உலர்கிறதே தவிர ஆள் இல்லை. குர்ஆன் மகிழ்ச்சியை வெறுக்கவில்லை. "அல்லாஹ்வின் அருளையும் ரஹ்மத்தையும் கொண்டு மகிழட்டும்" என்று கட்டளையாகவே சொல்கிறது (10:58). அதே சொல்லால்தான் பெரும் செல்வனான காரூனைப் பார்த்து அவன் கூட்டத்தார் "மகிழ்ந்து பூரிக்காதே" என்று தடுத்தார்கள் (28:76). சொல் ஒன்றுதான். ஒருவர் கிடைத்ததைப் பார்த்துக் கொடுத்தவனை நினைக்கிறார், மற்றவன் தன் சாவிக்கொத்தையும் சுற்றி நிற்பவர்களின் கண்களையும் பார்க்கிறான்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் கடிதம் முழுவதும் என்று பட்டது. உங்கள் மனைவி சொன்னது: "நீங்க அங்கயே இருந்திருக்கலாம். அப்பம் ராத்திரி ஃபோனிலயாவது பேசுவிய."

நபியவர்கள் மதீனாவுக்கு வந்த பிறகு தம் தோழர்களான ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்துவிட்டார்கள். ஸல்மான் ஒருநாள் அபுத்தர்தாவின் வீட்டுக்குப் போனார்கள். வீட்டம்மா உம்முத்தர்தா பழைய துணியில், எதிலும் நாட்டமில்லாத கோலத்தில் இருப்பதைப் பார்த்து, "என்ன இது?" என்று கேட்டார்கள். "உங்கள் சகோதரர் அபுத்தர்தாவுக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவையில்லை" என்று அந்த அம்மா சொன்னார்கள். ஒரு மனைவியின் வருத்தம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அபுத்தர்தா வந்து விருந்தாளிக்குச் சாப்பாடு வைத்து, "நீங்கள் சாப்பிடுங்கள், நான் நோன்பு" என்றார்கள். "நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன்." நஃபில் (கட்டாயமில்லாத) நோன்புதான், விட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். ராத்திரி அபுத்தர்தா தொழ எழுந்தார்கள். "தூங்குங்கள்" என்றார்கள் ஸல்மான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார்கள், மறுபடியும் "தூங்குங்கள்." இரவின் கடைசிப் பகுதி வந்ததும் ஸல்மானே, "இப்போது எழுந்திருங்கள்" என்று எழுப்பி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். அதன்பிறகு சொன்னார்கள்: "உங்கள் ரப்புக்கு உங்கள் மேல் ஹக் (உரிமை) உண்டு. உங்கள் ஆன்மாவுக்கு உங்கள் மேல் ஹக் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு உங்கள் மேல் ஹக் உண்டு. அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடுங்கள்." அபுத்தர்தா இதை நபியவர்களிடம் போய்ச் சொன்னபோது, "ஸல்மான் சொன்னது உண்மை" என்று பதில் வந்தது.

தம்பி, 13 வருஷத்தில் நீங்கள் 6 தடவை லீவில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் வருமா? படைக்குப் போனவர்களைப் பல மாதம் மனைவியிடமிருந்து பிரித்து வைக்கக் கூடாது என்று கலீஃபா உமர் (ரலி) வரம்பு வைத்தார்கள். 4 மாதம் என்றும் 6 மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. தன் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எவ்வளவு காலம் தாங்குவாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அதை வைத்தார்கள். நம் பகுதியிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகப் போன எத்தனை பேருக்கு அந்த வரம்பு பொருந்தியது? வறுமையால் போனீர்கள், அதற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் திரும்பி வந்த பிறகும் நீங்கள் முழுதாக வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். பொழுது விடியுமுன் ரப்பர் வெட்டு, சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு வெயில் ஏறும் வரை பள்ளிவாசலில், இஷாத் தொழுகைக்குப் பிறகும் பள்ளிவாசலில், பாதி ராத்திரிக்கு மேல் தொழுகை விரிப்பில். பத்து வயது மகள் உங்களை விருந்தாளி மாதிரி பார்க்கிறாள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவளுக்கு உங்களோடு இருக்க எந்த நேரம் மிச்சம் இருக்கிறது?

ரப்பர் மரத்தையே நாம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுகிறோம். ஆசைப்பட்டுத் தினமும் கத்தி வைத்தால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் என்பது உங்கள் வாப்பாவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உடம்புக்கும் மனசுக்கும் அந்த இடைநாளைக் கொடுங்கள் என்றுதான் ஸல்மான் சொன்னார்கள். வணக்கத்தைக் குறைத்துக்கொள் என்று ஓர் உஸ்தாது சொல்வதா என்று உங்களுக்குத் தோன்றலாம். பர்ளுகளில் (கட்டாயக் கடமைகளில்) ஒன்றைக்கூட நான் தொடவில்லை. நபியவர்கள் ஜமாஅத்தாகத் தொழ வைக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டது. அதற்காக ஸஜ்தாவையே (நெற்றி நிலத்தில் படப் பணிந்திருப்பதை) நீட்டினார்கள். வஹீ (இறைச்செய்தி) வந்ததோ என்று பின்னால் இருந்தவர்கள் பயந்துபோய்க் கேட்டபோது, "என் பிள்ளை என்மேல் ஏறியிருந்தான், அவன் ஆசை தீருமுன் அவசரப்படுத்த மனம் வரவில்லை" என்றார்கள். மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் கூலி உண்டு என்றார்கள். நீங்கள் இத்தனை வருஷம் அனுப்பியது பணம். கவளத்தை இனிமேல்தான் ஊட்ட வேண்டும்.

பாங்கில் தினமும் ஐந்து வேளையும் 'ஹய்ய அலல் ஃபலாஹ்' என்று கேட்கிறோம். வெற்றியின் பக்கம் வாருங்கள் என்று பொருள் சொல்கிறோம். அந்த ஃபலாஹ் என்ற வேருக்கு நிலத்தைப் பிளப்பது, உழுவது என்ற பொருளும் உண்டு. உழவனுக்கு அரபியில் ஃபல்லாஹ் என்று பெயர். ரப்பர் கன்று வைத்தால் முதல் வெட்டுக்கு ஏழு வருஷம் ஆகும் என்று அறிந்த உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மகள் ஒரே வாரத்தில் வந்து மடியில் உட்கார்ந்துவிட மாட்டாள்.

கடைசியாக, தூக்கம். இதை நான் துஆவோடு மட்டும் விட்டுவிட மாட்டேன். தூக்கமில்லாமையும் நெஞ்சுக் கனமும் பல மாதமாக இருக்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். "மருத்துவம் செய்துகொள்ளுங்கள், நிவாரணம் இல்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் வைக்கவில்லை" என்ற ஹதீஸில் மன நோய்க்கு விதிவிலக்கு இல்லை. 934-இல் இறந்துபோன அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். துக்கம் இரண்டு வகை, ஒன்றுக்குக் காரணம் தெரியும், மற்றொன்றுக்குக் காரணம் தெரியாது, அது உடம்பின் நிலையிலிருந்து வருவது, அதற்கு உடம்புக்கும் வைத்தியம் செய்ய வேண்டும் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதியது. நாம் இன்னும் 'கண் பட்டிருக்கும், ஓதி ஊதிக்கொள்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். ஓதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓதிவிட்டு டாக்டரிடமும் போங்கள்.

இமாம் கஸ்ஸாலியின் கதையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவர்களுக்கும் அப்போது உங்கள் வயதுதான், 37. பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் மிகப் பெரிய ஆசிரியர், சுல்தானின் சபையிலும் மரியாதை. 1095-ஆம் வருஷம் ரஜபு மாதத்தில், நம் தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீரப்பாவின் பாடல்களை விடிய விடிய ஓதுகிறோமே அதே ரஜபில், அவர்களுடைய துன்பம் தொடங்கியது. ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. பாடம் நடத்த உட்கார்ந்தால் நாக்கு எழவில்லை. ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. நோய் நெஞ்சில் இறங்கி அங்கிருந்து உடம்பில் பரவியிருக்கிறது என்று சொல்லி வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் இதைத் தன் கையாலேயே மறைக்காமல் எழுதினார்கள். அந்தத் துன்பத்தை வைத்து அவர்கள் ஈமானில் கோளாறு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பக்தாதை விட்டுப் போகும்போது கையிலிருந்த பொருளைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் செலவுக்கு வேண்டியதை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

வரும் திங்கள்கிழமை நோன்பு வைக்காதீர்கள். அன்று மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றாமல் நீங்களே நடத்திக் கூட்டிப்போய் விடுங்கள். திரும்பி வந்து மனைவியோடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுங்கள், ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. டாக்டரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள். உங்களுக்கு என்ன நடக்கிறது என்று நீங்கள் சொல்வதைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் எப்போதும் வீட்டில்தான் இருப்பேன். தக்கலைக்கு வந்தால் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கஞ்சி வைக்கச் சொல்கிறேன்.